பிரியாணிப் பக்கம் யாருக்கு?

நீங்க ஃபோன்ல சுவாரஸ்யமா ஒண்ணு படிச்சிட்டிருக்கும்போது நடுவுல ஒரு மிக்ஸி விளம்பரம் வந்து குதிக்குதே, "எந்த நாசமாப் போனவன் இதை இங்க வெச்சான்"னு திட்டறீங்களே, அந்த நாசமாப் போனவன் நான்தான், வணக்கம்.

திட்டுங்க, ஆனா கொஞ்சம் மெதுவா. நாங்களும் பாவம்தான். வேலை என்னன்னா, வெப்சைட் வெச்சிருக்கவங்களைத் தேடிப் போய், "எங்க கம்பெனி கம்ப்யூட்டர் கோடு ஒண்ணை உங்க வெப்சைட்ல ஒட்டிக்குங்க, எங்க மெஷின் உங்க எழுத்தைப் படிச்சுப் பார்த்து அதுக்குப் பொருத்தமா விளம்பரம் போடும், வர்றதுல உங்களுக்கும் பங்கு"ன்னு கெஞ்சறது. முன்னாடி இந்தத் தொழில்ல ஒரு பெரிய கம்பெனி மட்டும்தான். அவங்க யார் வீட்டுக்கும் போக மாட்டாங்க, எல்லாரும் அவங்ககிட்ட போகணும். இப்ப அப்படியா? கொஞ்சம் ஆளுங்க படிக்கிற வெப்சைட்டுன்னு தெரிஞ்சா போதும், அந்த வீட்டு வாசல்ல நாலு கம்பெனி செருப்பு கிடக்கு. வீடு வீடா ஏறிப் பாலிசி வித்தவங்க, மெடிக்கல் ரெப்பா டாக்டர் வாசல்ல காத்துக் கிடந்தவங்க, சீட்டுக்கு ஆள் பிடிச்சவங்க, உங்களுக்கெல்லாம் நான் விளக்கவே வேண்டாம். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

சுரேஷோட ஜாதகம்

எங்க கம்பெனிக்குத் தலை சென்னையில. கொச்சி பிராஞ்ச்னா மட்டாஞ்சேரியில இஞ்சி குடோனுக்கு மேல ஒரு ரூம். ஸ்டாஃப் நான் ஒருத்தன். ஆனா ஃபோன் பண்ணிப் பாருங்க, அஞ்சு பேர் இருப்போம். கல்யாணத்துக்கு முன்னாடி கோயில் உற்சவம், சர்ச் பெருநாள்னு ஊர் ஊரா மேடையேறி மிமிக்ரி பண்ணினவன் நான். அந்தத் தொண்டை சும்மா கிடக்குமா? டெக்னிக்கல் சுரேஷ்னு ஒருத்தன், ஜலதோஷம் பிடிச்ச இளவட்டக் குரல். மேனேஜர்னு ஒருத்தர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னாடி கனைப்பாரு. லைன் மாத்தும்போது வர்ற அந்த டிங் டிங் மியூசிக்கும் நான்தான்.

திருப்பூணித்துறையில ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருத்தர் பஞ்சாங்க வெப்சைட் நடத்தறாரு. ஊருக்கே அவரு மாஷ். ஒருநாள் கூப்பிட்டு, ராகுகாலத்து மேல பனியன் விளம்பரம் உக்காந்திருக்குன்னு சத்தம் போட்டாரு. டிங் டிங் போட்டு சுரேஷ்கிட்ட குடுத்தேன். சுரேஷ் மூக்கை உறிஞ்சிக்கிட்டே ரொம்பப் பொறுமையா சரி பண்ணிக் குடுத்தான். மாஷ் அதோட விடலை, மேனேஜரைக் கேட்டாரு. மேனேஜர்கிட்ட என்னைப் பத்தி, "அந்த முருகேசனுக்கு ஒரு எழவும் தெரியலை"ன்னு புகார். மேனேஜர் கனைச்சுட்டு, முருகேசனைக் கண்டிக்கறேன்னு வாக்குக் குடுத்தாரு. கண்டிச்சேன். மறுநாள் காலையில மாஷ் திரும்பவும் கூப்பிட்டாரு, குரல்ல ஒரே பாசம். "முருகேசா, நீ போகட்டும். அந்த சுரேஷ் நல்ல அடக்கமான பையனாக்கும். என் அண்ணன் மகளுக்குப் பார்த்துக்கிட்டிருக்கோம், அவன் ஜாதகம் ஒண்ணு வாங்கித் தர முடியுமோ?"

பயந்தாங்கொள்ளி மெஷின்

வல்லார்பாடத்துல கன்டெய்னர் லாரி ஓட்டற பாபுன்னு ஒரு ஆளு. எந்த ரோட்டுல பிளாக், எங்க வண்டி கவுந்து கிடக்குன்னு சொல்ல ஒரு வெப்சைட் வெச்சிருந்தாரு. காலையில டிரைவருங்க பல்லு தேய்ச்சுக்கிட்டே படிப்பாங்க. நான் போய் எங்க கோடு ஒட்டிட்டு வந்தேன். விளம்பரம் வரவேயில்லை, வெறும் வெள்ளைக் கட்டம். காரணம் இருக்கு. கார் விக்கிறவன், சோப்பு விக்கிறவன் எல்லாம் "எங்க பேரை விபத்துக்குப் பக்கத்துல போடாதே"ன்னு சொல்லி வெச்சிருக்கான். அதனால மெஷின் 'ஆக்ஸிடென்ட்'ங்கற வார்த்தையைப் பார்த்தாலே ஓடிப் போயிடும்.

"நல்ல செய்தியா எழுதுங்க சேட்டா"ன்னு சொல்லிட்டு வந்தேன். பாபு சேட்டன் வாக்குத் தவறாதவரு. மறுநாள் எழுதினாரு: "இன்னைக்கு நம்ம ரோட்டுல ஆக்ஸிடென்ட் இல்லை. யாரும் சாகலை. யாருக்கும் கை கால் ஒடியலை. ரத்தம் ஒரு துளி சிந்தலை. எல்லாரும் சந்தோஷமா போய் வாங்க." மெஷின் படிச்சுப் பார்த்துட்டு ஒரே ஓட்டம். பக்கம் முழுக்க வெள்ளை. அந்த வாரமே வேற கம்பெனிக்காரன் வந்து, எங்க மெஷின் தைரியசாலின்னு சொல்லி அவரைக் கூட்டிட்டுப் போயிட்டான். போகும்போது பாபு சேட்டன் கேட்டாரு, "கெட்டது நடந்தா பயப்படுது, சரி. ஒண்ணும் நடக்கலைன்னாலும் பயப்படுதே, இதை வெச்சுக்கிட்டு நீ எப்படிடா பொழைக்கிறே?"

மெஷினுக்குப் படிக்கத் தெரியாத தமிழ்

பொழைச்சது சைனபா இத்தாவால, இத்தான்னா இங்க அக்கா. பஜாருக்குப் பின்னாடி வீடு, ராவுத்தர் குடும்பம். வீட்டுல பேசறது தமிழ், படிச்சது மலையாளப் பள்ளிக்கூடம். அதனால இத்தா தன்னோட சமையல் வெப்சைட்ல தமிழை மலையாள எழுத்துல எழுதுவாங்க. நம்ம ஊர்லயும் பாலக்காட்டுலயும் எத்தனை வீட்டுல தமிழ் பேசுவாங்க, ஆனா தமிழ் எழுத்து தெரியாது! அவங்களுக்கெல்லாம் இத்தாதான் கதி. அப்படிக் கூட்டம் படிக்குது. ஆனா பெரிய கம்பெனி மெஷினுக்கு மண்டை காஞ்சு போச்சு. எழுத்து மலையாளம், வார்த்தை ஒண்ணும் மலையாளம் இல்லை. கடைசியில நெய்மீன் கறிக்குக் கீழ லாரி டயர் விளம்பரத்தைப் போட்டுட்டு ஓய்ஞ்சுடுச்சு.

நான் என்ன பண்ணினேன், ஒவ்வொரு பக்கத்தையும் உக்காந்து படிச்சு, இது மீன், இது கல்யாணச் சாப்பாடு, இது சாயங்காலப் பலகாரம்னு எங்க மெஷினுக்குச் சீட்டு எழுதி ஒட்டற மாதிரி ஒட்டினேன். மீனுக்குக் கீழ மீன் மசாலா வந்துது, இத்தா எங்க பக்கம் வந்தாங்க. பாபு சேட்டன் போனப்புறம் பிராஞ்ச்ல பேர் சொல்லிக்க அந்த ஒரு சைட்தான். சென்னையிலேந்து எங்க வித்யா மேடம் தெளிவா சொல்லிட்டாங்க, "முருகேசன், இத்தா போனா அந்த ரூமை மூடறோம். அப்புறம் நீங்க வேற வேலை பார்த்துக்கணும்." இந்த வயசுல எந்த வேலை? உற்சவ மேடையில இப்பல்லாம் பசங்க ஃபோனை வெச்சே எல்லாக் குரலையும் எடுத்துடறாங்க. அதுக்கேத்த மாதிரி, மத்த கம்பெனி மெஷின்களும் மலையாள எழுத்துத் தமிழைப் படிக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு சேதி வந்துது. கவலையோட இத்தாகிட்ட சொன்னா, அவங்க ஆப்பச் சட்டியைத் திருப்பிக்கிட்டே சொன்னாங்க, "நல்லா கத்துக்கட்டும். என் மருமகளே கத்துக்கிட்டா, அவ தமிழ் வாசனையே படாத தொடுபுழாக்காரி."

ஜோஸ் விடாத மூச்சு

மெஷின் கத்துக்கிட்டதும் ஆளுங்க வந்துட்டாங்க. களமசேரி கம்பெனியிலேந்து ஜோஸ், இன்னொரு கம்பெனியிலேந்து டின்சி. ரெண்டும் என்னைவிட ரொம்பச் சின்னதுங்க, பைக்ல வரும்ங்க, லேப்டாப்பைத் திறந்தா கலர் கலரா படம் காட்டும்ங்க. பகைன்னு பேரு, ஆனா குடோனுக்குக் கீழ இருக்கற சாயாக்கடையில மூணு பேரும் ஒரே பெஞ்சு. பழம்பொரியை யார் வாங்கினாலும் மூணா ஒடையும். ஒருநாள் சும்மா இருக்காம நான் ஜோஸ் மாதிரியே பேசிக் காட்டினேன். தோளை ஒரு பக்கம் சாய்ச்சு, கண்ணை இறுக்கி, "இத்தா... நாங்க விளம்பரம் போடறதில்லை." அங்க நிறுத்தி ஒரு மூச்சு. "உறவு போடறோம்." கடையே சிரிச்சுது. சாயா அடிக்கிறவரு கையிலேந்து சாயா சிந்திப் போச்சு.

ஜோஸ் சிரிக்கலை, யோசிச்சான். "சேட்டா, அந்த மூச்சு நான் விடறதில்லையே?" விடறதில்லைதான். டைமிங்குக்காக நான் சேர்த்தது. தொழில் பழக்கம், வெறும் காப்பி அடிச்சா மேடையில கைத்தட்டு விழாது. மறுநாள் இத்தா வீட்டுக்குப் போனேன். வெப்சைட்ல எங்க விளம்பரத்துக்கு மேல ஜோஸ் கம்பெனி விளம்பரம் சப்பணம் போட்டு உக்காந்திருக்கு. என்ன இத்தா இதுன்னு கேட்டேன். இத்தா கண்ணு கலங்கிப் போய்ச் சொன்னாங்க, "அந்த ஜோஸ் பையன் பேசும்போது நடுவுல ஒரு மூச்சு விட்டான் பாரு தம்பி, நெஞ்சுலேந்து வந்த மூச்சு, எனக்கு மனசு கேக்கலை."

சாப்பிட்டவங்க எல்லாருக்கும் இடம்

அதுக்கு அடுத்து டின்சி போனா. டின்சி பேசவே இல்லை. இத்தா வெச்ச முட்டைமாலைங்கற இனிப்பைச் சாப்பிட்டா, இன்னொண்ணு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா, எப்படிச் செய்யறதுன்னு எழுதிக்கிட்டா. சாயங்காலம் அவ கோடும் ஏறிடுச்சு. இத்தா யாரையும் வெளிய அனுப்பலை, எல்லாரையும் சேர்த்துக்கிட்டாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் மூணு கம்பெனி. "வெங்காயத்தை நீளவாக்குல நறுக்கி"ன்னு ஒரு வரி. அப்புறம் குக்கர் விளம்பரம், அப்புறம் பட்டுப்புடவை, அப்புறம் திரும்பவும் குக்கர். விரலால தள்ளித் தள்ளிக் கீழ போனா, "பொன்னிறமா வதக்கவும்." பாலக்காட்டுலேந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, தள்ளி முடிக்கறதுக்குள்ள வெங்காயம் கரியாப் போச்சுன்னு.

கரிஞ்சது வெங்காயம் மட்டும் இல்லை. ஒரே பக்கத்துல இவ்வளவு விளம்பரம் இருந்தா அந்த சைட்டையே வெட்டி விட்டுடணும்னு மூணு கம்பெனியிலயும் சட்டம். மூணு பேர் தலைமை ஆபீஸும் ஒரே நேரத்துல கண்ணை உருட்டிச்சு. நான் ஓடிப் போய், "இத்தா, யாராவது ஒருத்தரை வெச்சுக்கிட்டு மத்த ரெண்டு பேரை எடுத்துடுங்க, இல்லைன்னா மொத்தமா போயிடும்"னு சொன்னேன். ஒருத்தர்னு சொன்னப்ப என் நெஞ்சைக் கொஞ்சம் முன்னாடி தள்ளித்தான் நின்னேன். இத்தா அதைக் கவனிக்கவே இல்லை. நான் என்னமோ கொலை பண்ணச் சொன்ன மாதிரி பார்த்தாங்க. "என் வீட்டுல உக்காந்து சாப்பிட்ட புள்ளைங்க. தட்டுல சோறு இருக்கும்போது தட்டைப் புடுங்கச் சொல்றியே, உனக்கு மனுசத்தன்மை இருக்கா?"

மூணு பங்கு

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு பேரையும் சாப்பிட வரச் சொன்னாங்க. பெருநாளைக்கு அறுத்த கறியை மூணு பங்கு வைக்கிறது அவங்க வீட்டு வழக்கம், வருஷா வருஷம் வைக்கிற கை அது. அதே கையால வெப்சைட்டையும் பங்கு வெச்சாங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு கம்பெனிதான். நாங்க ஆளுக்கொரு லேப்டாப்போட எங்க மெஷின் எவ்வளவு புத்திசாலின்னு சொல்லத் தயாரா போனோம். யாரையும் வாயைத் திறக்க விடலை, திறந்தா சோறு போட்டாங்க.

மூணு பேர் கண்ணும் பிரியாணிப் பக்கத்து மேலதான். அதைத்தான் ஊரே படிக்குது. ஜோஸ் ரெண்டாவது தடவை கறியை வாங்கிக்கிட்டான், "நீ நல்லா சாப்பிடறே, பிரியாணியும் கறியும் நீ வெச்சுக்கோ"ன்னுட்டாங்க. டின்சிக்கு இனிப்பு, கேக்கு, நோம்பு துறக்கற பலகாரம் எல்லாம். அதுவும் கொழுத்த பங்கு. என் பக்கம் திரும்பினாங்க. மீதி இருந்தது கஞ்சி, மிளகு ரசம், பிரசவத்துக்கு அப்புறம் குடுக்கற மருந்துச் சோறு, சக்கரைக்காரங்களுக்கான தோசை. ஜோஸ் குனிஞ்சுக்கிட்டான், சிரிப்பை அடக்கறான்னு தோள் ஆடறதுலயே தெரிஞ்சுது. டின்சி பாவம், அப்பளத்தை என் தட்டுல வெச்சா. எனக்கு ரூம் மூடற சத்தமே காதுல கேட்டுது. "இத்தா, முதல்ல வந்தவன் நான். எனக்கு ஏன் கஞ்சி?"ன்னு கேட்டேன். என் குரல் எனக்கே மிமிக்ரி மாதிரி இருந்துது, யாரோ அழப் போற ஆளோட குரல். இத்தா என்னை உச்சந்தலையிலேந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தாங்க. ரொம்பப் பாசமாத்தான் சொன்னாங்க. "முருகேசா, உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு பிரியாணி ஞாபகம் வரலைடா, கஞ்சிதான் வருது."

ரெண்டு இத்தா

வித்யா மேடத்துக்கு விஷயத்தைச் சொல்லிட்டு, ரூம் சாவியை யார்கிட்ட குடுக்கணும்னு கேட்டேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டற சத்தம். அப்புறம், "கஞ்சியா? முருகேசன், நிஜமாவே கஞ்சியைக் குடுத்தாங்களா?" ஆஸ்பத்திரிக்காரங்க, ரத்தப் பரிசோதனைக்காரங்க, இன்ஷூரன்ஸ்காரங்க எல்லாம் இந்த மாதிரிப் பக்கம் கிடைக்காதான்னு க்யூவுல நிக்கறாங்களாம். பிரியாணி படிக்கறவன் போட்டோவைப் பார்த்து எச்சில் விழுங்கிட்டுப் போயிடறான். கஞ்சி படிக்கறவங்களுக்குப் பக்கத்து ரூம்ல ஒருத்தர் படுத்திருக்காரு, அவங்க கடைசி வரி வரைக்கும் படிக்கறாங்க, நாளைக்கும் வர்றாங்க. ரூம் பொழைச்சுது. ஜோஸே கூப்பிட்டான், பிரியாணியில பாதி தர்றேன், கஞ்சியில பாதி தர்றியா சேட்டான்னு. தோளைச் சாய்ச்சு, ஒரு மூச்சு விட்டு, மாட்டேன்னேன்.

சந்தோஷம் ரொம்ப நாள் நிக்கலை. சக்கரைக்காரங்க தோசைக்குக் கீழ ஒரு விளம்பரம் வந்துது. ஒரு பொடி, அதைச் சாப்பிட்டா மாத்திரையும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், சக்கரை ஓடிப் போயிடும்னு. எங்களுக்கு மத்த எல்லாரையும்விட அதிகமா குடுக்கறவன் அந்தப் பொடிக்காரன்தான். இத்தா கூப்பிட்டாங்க. கோபமான இத்தா குரலை அன்னைக்குத்தான் கேட்டேன். அவங்க நாத்தனார் வீட்டுக்காரர் இப்படி ஒரு பொடியை நம்பி ஊசியை நிறுத்தினாராம், இப்ப ஒரு கால் இல்லை. "அந்தப் பொடி இன்னைக்குள்ள போகணும். இல்லைன்னா உன் கோடு போகும், சாப்பிட்டவன்னு பார்க்க மாட்டேன்." வெச்சுட்டாங்க.

மேடம்கிட்ட நான் சொன்னா எடுபடாது, எனக்குத் தெரியும். நான் எத்தனை புகார் சொல்லியிருக்கேன், எல்லாத்துக்கும் "பார்க்கலாம்"தான் பதில். இத்தாவே மேடத்துகிட்ட பேசினா வேலை நடக்கும். ஆனா இத்தாகிட்ட திரும்பப் பேச எனக்கு தைரியம் இல்லை. அப்புறம் என்ன? சாயாக்கடைக்காரர் ஃபோனை வாங்கினேன், ரெண்டு மடக்கு சுடுதண்ணி குடிச்சேன், முந்தானையை இழுத்துச் சொருகற மாதிரி துண்டை இழுத்து விட்டுக்கிட்டேன், கூப்பிட்டேன். "மேடம், நான் சைனபா பேசறேன், மட்டாஞ்சேரியிலேந்து." நாத்தனார் வீட்டுக்காரரு கால், ஊசி, பொடி, எல்லாம் சொன்னேன். நடுவுல ஒரு விம்மல், அளவா. சாயா அடிக்கிறவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. மேடம் ஒரு வார்த்தை குறுக்க பேசலை, முழுசா கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, "முருகேசன், வாய்ஸ் பிரமாதம். நிஜ இத்தா இப்பதான் என்கிட்ட பேசி முடிச்சாங்க, பொடியைத் தூக்கியாச்சு, ஆஸ்பத்திரி விளம்பரமே நமக்குப் போதும். ஒரே ஒரு குறைதான், அவங்க இவ்வளவு மரியாதையா பேசலை."

இப்படியாக, நாலு கம்பெனி முட்டி மோதற இந்தத் தொழில்ல என் சோறு ஊர்க்காரங்க குடிக்கிற கஞ்சியிலதான் இருக்குன்னு ஆயிடுச்சு, இருந்தாலும் யாருக்கும் ஜுரம் வரக்கூடாதுன்னு தினமும் சாமியைக் கும்பிடத்தான் செய்யறேன், ஆனா இப்பல்லாம் கொஞ்சம் மெதுவான குரல்லதான் கும்பிடறேன்.